மான்குர்திலிருந்து சமூகவியல்: கைப்பேசியில் பன்னிரண்டாம் வகுப்பு

மான்குர்த் ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ பிடித்துச் செம்பூர்ப் பக்கம் போனால், சிறிது நேரத்தில் தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் வாசல் வந்துவிடும். 1936இல் தொடங்கப்பட்டு, 1954இல் இந்த இடத்துக்கு வந்த நிறுவனம் அது. நம் சந்துகளில் இருப்பவர்களுக்கு அதன் பெயர் தெரியாமல் இருக்கலாம். அங்கே படிக்கிறவர்களைத் தெரியும். கையில் தாளோடு வருவார்கள். வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, கழிப்பறைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். நாமும் டீ கொடுத்துப் பதில் சொல்லி அனுப்புவோம். இப்படிக் கேட்டுக் கேட்டு மான்குர்த், கோவண்டி, சிவாஜி நகர் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் நிறைய இருக்கின்றன.

அந்தக் கேள்விகளை உருவாக்கக் கற்றுத் தரும் பாடம்தான் சமூகவியல். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பிலேயே அதைப் படிக்கலாம். ஜூனியர் காலேஜுக்குப் போக வழியில்லாதவர்கள் வீட்டிலிருந்தபடியே, கைப்பேசியை வைத்துக்கொண்டும் படிக்கலாம். பத்தாவது முடித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள், கல்யாணமாகிப் படிப்பு நின்ற பெண்கள், ஆர்ட்ஸ் எடுத்தும் தங்கள் கல்லூரியில் சமூகவியல் இல்லாதவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அவர்களுடைய அம்மா அப்பாவும் படித்தால் நல்லது. ஏனென்றால் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள்தான். பணம் கட்டுகிற இடத்தில்தான் முதல் தப்பு நடக்கிறது.

அந்தத் தப்பு இதுதான். ஆன்லைன் பாடம் வேறு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேறு. இணையத்தில் சமூகவியல் வீடியோக்கள் ஏராளம். இலவசமும் உண்டு, காசு வாங்குவதும் உண்டு. எதைப் பார்த்து முடித்தாலும் அதன் கடைசியில் கிடைப்பது ‘இவர் இந்தப் பாடத்தை முடித்தார்’ என்ற ஒரு தாள். அதை வைத்து பி.ஏ. சேர முடியாது, ‘எச்.எஸ்.சி. பாஸ்’ கேட்கிற வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது. சான்றிதழ் தருவது ஒரு கல்வி வாரியம் மட்டுமே. ஆகவே முதலில் எந்த வாரியத்தில் தேர்வு எழுதப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வீடியோ, புத்தகம், டியூஷன் எல்லாம் அதற்குப் பிறகு.

வீட்டிலிருந்து படிப்பவர்களுக்குப் பொருத்தமான வாரியம் என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979இல் சி.பி.எஸ்.இ.யின் சோதனை முயற்சியாகத் தொடங்கியது, 1989இல் தனி நிறுவனமானது, 2002இல் இப்போதுள்ள பெயரைப் பெற்றது. நடுவண் அரசின் அமைப்பு, சி.பி.எஸ்.இ. சான்றிதழுக்கு உள்ள மதிப்பு இதற்கும் உண்டு. பத்தாவது பாஸ் ஆகியிருந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். வயது 15 நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது. ஒரு மொழிப்பாடம் உட்பட ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும். அதில் ஒன்றாகச் சமூகவியலைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் பாட எண் 331.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் பெரிய ஆறுதல், அவசரம் இல்லை என்பது. பதிவு ஐந்து வருடம் செல்லும். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பரிலும் நடக்கும். அந்த ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்புகள். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்த முறை இரண்டு, அடுத்த முறை ஒன்று என்று எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பாடத்தில் தேறியது தேறியதுதான். இன்னொன்றில் தவறினாலும் அது அழியாது. வேறு வாரியத்தில் பன்னிரண்டாவது எழுதித் தவறியவர்கள், அங்கே தேறிய பாடங்களில் இரண்டு வரை இங்கே மாற்றிக்கொள்ளவும் முடியும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் கட்டணம் குறைவு. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் தொகையை இங்கே எழுதவில்லை. இணையதளத்தில் உள்ளதே சரியான தொகை, பக்கத்துக் கடைக்காரர் சொல்வது அல்ல.

பதிவு செய்யும்போது ஒரு படிப்பு மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் அது ஏதாவது ஒரு பள்ளியாக இருக்கும். வார இறுதிகளில் அங்கே நேரடி வகுப்புகள் நடத்துவார்கள். போவது கட்டாயம் இல்லை என்றாலும், முடிந்தவர்கள் போகலாம். அதைவிட முக்கியம் டி.எம்.ஏ. என்கிற வீட்டு ஒப்படைப்பு. ஒவ்வொரு பாடத்துக்கும் சில கேள்விகள் கொடுப்பார்கள். வீட்டில் எழுதி, குறித்த தேதிக்குள் சேர்க்க வேண்டும். அதற்கு 20 விழுக்காடு மதிப்பெண். தேர்ச்சிக்குத் தேவை 33தான் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த ஒப்படைப்பைக் கைவிடுவது கைக்கு வந்த கூலியை வாங்காமல் போவதற்குச் சமம். ஆனாலும் பலர் கைவிடுகிறார்கள், தேதி தெரியாமல்.

மகாராஷ்டிரத்தில் இன்னொரு வழியும் உண்டு. மாநில வாரியத்தின் எச்.எஸ்.சி. தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. நம் பக்கம் ‘17 நம்பர் ஃபார்ம்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். மாநில அரசின் பாலபாரதி புத்தகங்கள்தான் பாடம். சமூகவியல் அதிலும் இருக்கிறது. மாநில வாரியத்தில் பத்தாவது படித்தவர்களுக்கு இந்தப் புத்தக நடை பழகியிருக்கும், மராத்தி நன்றாக வருகிறவர்களுக்கு இன்னும் சுலபம். ஆனால் படிவம் நிரப்பும் காலம் குறுகியது. தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். கடை வேலை, ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு என்.ஐ.ஓ.எஸ். ஏற்றது என்பது என் கருத்து.

வாரியம் முடிவாகிவிட்டது என்றால் இனிப் பாடப்பொருள். இங்கே ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. என்.ஐ.ஓ.எஸ். தன் சமூகவியல் புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் வைத்திருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் புத்தகங்கள் நான்கும் அப்படியே. ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் படிக்கலாம். ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் அப்பாவும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பாலபாரதி புத்தகத்தில் அச்சாகியிருக்கும் கட்டம் கட்டமான கியூ.ஆர். குறியைப் படம் பிடித்தால் திக்‌ஷா செயலியில் அதற்குரிய பாடம் திறக்கும். 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில், பள்ளிப் பாடங்களை என்.சி.இ.ஆர்.டி.யும் என்.ஐ.ஓ.எஸ்.ஸும் நடத்துகின்றன, சமூகவியலும் அதில் வருவதுண்டு. எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் திறந்திருக்கிறது என்று தளத்தில் பார்த்துச் சேர வேண்டும். வீடியோ, படிக்கும் பாடம், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் கேள்விகள், ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கும் இடம் என்று நான்கும் அங்கே இருக்கும். கடைசியாகச் சொன்னதைப் பல மாணவர்கள் பயன்படுத்துவதில்லை. ஆங்கிலத்தில் தப்புத்தப்பாகக் கேட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

மொழி ஒரு சிக்கல்தான். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழில் படித்து வந்த பிள்ளை, சமூகவியலைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ எழுத வேண்டியிருக்கும். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து ஒன்றுதான். பாடத்தைப் படித்ததும் அதைத் தமிழில், வீட்டில் பேசுகிற தமிழிலேயே, யாருக்காவது சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்துவிட்டால் பாடம் புரிந்துவிட்டது. பிறகு அதை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுவது பயிற்சிதான். புரியாததை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்பவர்கள், கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது இந்தப் பாடத்தில்?

என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் முதல் அத்தியாயத்திலேயே சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கரின் கருத்தைப் பயன்படுத்துகிறது. 1959இல் அவர் எழுதிய நூலில் இருந்து வந்தது. தனி மனிதரின் தொல்லை ஒன்று, பொதுப் பிரச்சினை வேறொன்று. ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பார் அவர். நம் சந்தில் ஒரு பெண் பத்தாவதோடு நின்றுவிட்டால், ‘அவளுக்குப் படிப்பு ஏறவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதே சந்தில் பல பெண்கள் அதே வகுப்போடு நின்றால்? அத்தனை பேருக்குமா படிப்பு ஏறவில்லை? அப்போது கேட்க வேண்டியவை வேறு. அடுத்த பள்ளி எவ்வளவு தூரம்? இருட்டிய பிறகு அந்தச் சாலையில் விளக்கு எரிகிறதா? தண்ணீர் வரும் நேரமும் பள்ளி நேரமும் ஒன்றா? தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்வது? வீட்டுக்குள் நடக்கிற ஒன்றுக்குக் காரணத்தை வீட்டுக்கு வெளியிலும் தேடுவது, சமூகவியலில் முதல் பாடம்.

பிரெஞ்சுக்காரர் எமில் துர்கைம் இதையே இன்னும் துணிச்சலாகச் செய்தார். ஒருவர் தற்கொலை செய்துகொள்வதைவிட அந்தரங்கமான முடிவு இருக்க முடியுமா? 1897இல் வெளிவந்த தன் ஆய்வில் அவர் ஐரோப்பிய நாடுகளின் புள்ளிவிவரங்களை எடுத்துவைத்து, இதிலும் சமூகத்தின் கை இருக்கிறது என்று காட்டினார். மக்களுக்கு இடையே பிணைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து விகிதம் கூடுகிறது, குறைகிறது. அவர் பயன்படுத்திய புள்ளிவிவரங்களைப் பற்றிப் பிற்காலத்தில் சர்ச்சைகள் எழுந்தன. ஆனால் கேள்வி கேட்ட விதம் நிலைத்துவிட்டது.

என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் வரும் இந்தியச் சமூகவியலாளர்கள் நால்வரில் மூவர் நம் மும்பையோடு தொடர்புடையவர்கள் என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை 1919இல் தொடங்கியது. தொடங்கியவர் பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அதற்குமுன் அவர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதியிருக்கிறார். நெரிசலான தெருவைச் சீர்செய்ய வேண்டுமானால் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளி நேர்க்கோட்டில் சாலை போட வேண்டியதில்லை, அங்கே இருப்பவர்களை விரட்டாமல் சிறுசிறு திருத்தங்களால் காற்றும் வெளிச்சமும் கொண்டுவரலாம் என்பது அவர் வாதம். நூறு வருடம் கழித்தும் மாநகராட்சிகள் படிக்க வேண்டிய அறிக்கைகள் அவை. கெடஸுக்குப் பின், 1924இல் துறைத் தலைவரானவர் ஜி.எஸ். குரியே. சாதியையும் இனத்தையும் பற்றி 1932இல் அவர் எழுதிய நூல் இன்றும் பாடத்தில் இருக்கிறது. அவரிடம் படித்தவர்கள்தான் ஏ.ஆர். தேசாயும் எம்.என். ஸ்ரீநிவாஸும்.

ஸ்ரீநிவாஸ் மைசூர்க்காரர். கீழே வைக்கப்பட்ட சாதிகள், மேலே இருப்பதாகச் சொல்லப்படும் சாதிகளின் வழக்கங்களை எடுத்துக்கொண்டு தங்கள் நிலையை உயர்த்தப் பார்ப்பதைக் கவனித்து அதற்கொரு பெயர் வைத்தார். 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1970இல் அமெரிக்காவில் அவர் இருந்த இடம் தீப்பற்றி, அந்த ஆய்வுக் குறிப்புகள் எரிந்துபோயின. நினைவிலிருந்தே அந்தக் கிராமத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார், 1976இல் வெளிவந்தது. தமிழர்கள் தேடிப் படிக்க இன்னொன்று உண்டு. ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஊரில் அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி மூன்றையும் ஆராய்ந்து, சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் எப்படிப் பிரிந்து போகின்றன என்று 1965இல் எழுதினார். உங்கள் தாத்தா எந்தத் தெருவிலிருந்து மும்பைக்கு ரயிலேறினார் என்று கேட்டுவிட்டு அதைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

அம்பேத்கரை விட்டுவிட்டு இந்தப் பாடத்தைப் படிப்பதில் அர்த்தமில்லை. 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவராக அவர் வாசித்த கட்டுரை, தன் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம்தான் சாதி அமைப்பைத் தாங்கி நிற்கிறது என்று வாதிட்டது. அப்போது அவருக்கு வயது 25. குரியேயின் நூலுக்கு 16 வருடம் முந்தியது அது. உங்கள் பாடப்புத்தகம் இதை எவ்வளவு சொல்கிறதோ, அதற்கு மேலும் படியுங்கள்.

இப்போது புத்தகத்தை மூடிவிட்டு நம் மும்பையைப் பார்க்கலாம். சமூக அடுக்கு என்று ஓர் அத்தியாயம் வரும். மாட்டுங்காவிலும் தமிழர்கள் இருக்கிறார்கள், தாராவியிலும் இருக்கிறார்கள்; இரண்டுக்கும் இடையில் நடந்துபோகும் தூரம்தான். ஒரு பக்கம் அலுவலக வேலைக்கு வந்து, தங்கள் பிள்ளைகளுக்காக 1932இல் கல்விச் சங்கம் தொடங்கியவர்கள். மறுபக்கம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்தவர்கள். இருவரும் பேசுவது தமிழ். இருவரும் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தது ஒன்றா? 1966இல் சிவசேனை தொடங்கி, தென்னிந்தியருக்கு எதிராகக் குரல் எழுப்பியபோது ‘மதராஸி’ என்ற ஒரே பெயரில் இவர்கள் இருவரும் அடங்கினார்கள். உள்ளே பார்த்தால் பிளவு, வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஒரே கூட்டம். சமூக அடுக்கையும் குழு அடையாளத்தையும் ஒன்றாக விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தேர்வில் எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும்.

மான்குர்துக்கே வருவோம். எம்-கிழக்கு வார்டில் இருக்கிறது மான்குர்த். 2009இல் வந்த மும்பை மனித வளர்ச்சி அறிக்கை, மாநகராட்சியின் 24 வார்டுகளில் இதைத்தான் கடைசியில் வைத்தது. தேவனார் குப்பைமேடு 1927இலிருந்து இருக்கிறது. ரயில் பாதை ஓரத்திலிருந்தும் சாலை ஓரத்திலிருந்தும் அகற்றப்பட்டவர்களை, மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்தின் கீழ் லல்லுபாய் காம்பவுண்டில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். குடும்பத்துக்கு 225 சதுர அடி. குடிசை போய்ச் சுவரும் கதவும் உள்ள வீடு வந்தது. வேலை செய்த இடம் தூரமாகிப் போனது. வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பழக்கம் மாடிவீட்டில் என்ன ஆயிற்று? நகரம் தனக்கு வேண்டாதவற்றை எல்லாம் ஏன் ஒரே மூலையில் கொண்டுவந்து வைக்கிறது? நகர்ப்புறச் சமூக மாற்றத்தைப் பற்றிய பகுதியை வேறு ஊர் மாணவர் படத்தில் பார்த்துப் படிப்பார். உங்களுக்குச் சன்னலைத் திறந்தால் போதும்.

ஆராய்ச்சி முறைகள் என்ற அத்தியாயம் பலருக்கும் சலிப்பூட்டும். கணக்கெடுப்பு, நேர்காணல், கூடவே இருந்து கவனித்தல் என்று வறட்டு விளக்கமாக இருக்கும். அதற்கு உயிர் கொடுக்க மான்குர்த் தமிழர் ஒருவரின் கதை உண்டு. கோலார் தங்கவயலிலிருந்து இளைஞராக மும்பைக்கு வந்தவர் ஜோக்கின் அற்புதம். மான்குர்தில் அன்றிருந்த ஜனதா காலனியில் வாழ்ந்தார். குப்பை அள்ள யாரும் வராததால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குப்பையைக் கட்டிக் கொண்டுபோய் மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் போட்டது அவருடைய ஆரம்பகாலப் போராட்டம். அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். வருடக்கணக்கில் வழக்கும் போராட்டமும் நடந்தன. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், சுமார் 70,000 பேர் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் சீத்தா கேம்ப். இன்று அங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு இது.

ஜோக்கின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கினார். பிறகு 1984இல் தொடங்கிய ஸ்பார்க் அமைப்போடும், மகிளா மிலன் என்ற பெண்கள் குழுக்களோடும் சேர்ந்து வேலை செய்தார். இவர்கள் கையில் எடுத்த கருவி கணக்கெடுப்பு. அரசாங்கம் நம்மை எண்ணவில்லை என்றால் நாமே எண்ணுவோம் என்றார்கள். 1985இல் ஸ்பார்க், பைக்குல்லா பக்கத்து நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நடைபாதையில் இருப்பவர்கள் நேற்று வந்தவர்கள், சோம்பேறிகள் என்ற பேச்சுக்கு அது எண்களால் பதில் சொன்னது: பல வருடங்களாக இருக்கிறார்கள், உழைக்கிறார்கள், வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருப்பதற்காகவே அங்கே படுக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அந்த வேலையில் பங்கெடுத்தார்கள். ஜோக்கினுக்கு 2000இல் மகசேசே விருது கிடைத்தது, 2018இல் காலமானார். கணக்கெடுப்பு என்றால் என்ன, அதை யார் செய்கிறார்கள் என்பது ஏன் முக்கியம் என்று கேட்டால், இந்தக் கதையை எழுதுங்கள்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நம் இடத்தைப் பற்றி நமக்குத் தெரியும் என்பது பலம். அதுவே பலவீனமும் ஆகலாம். ‘எங்கள் சந்தில் எல்லாரும் இப்படித்தான்’ என்று எழுதினால் அது சமூகவியல் ஆகாது. எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? உங்கள் சாதிக்காரர்களிடம் மட்டுமா? ஆண்கள் வீட்டில் இருக்கும்போது கேட்டீர்களா, இல்லாதபோது கேட்டீர்களா? செயல்திட்டம் எழுதும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்ட விஷயத்தை அவர் பெயரோடு எழுதாதீர்கள். ஸ்ரீநிவாஸும் பெத்தேயும் தாங்கள் ஆராய்ந்த கிராமத்தின் உண்மைப் பெயரைக்கூட மாற்றித்தான் எழுதினார்கள். கேட்பதற்குமுன் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்பதும், ‘சொல்ல விருப்பமில்லை’ என்றால் விட்டுவிடுவதும் மரியாதை மட்டுமல்ல, சமூக ஆய்வின் விதியும்கூட.

ஆன்லைனில் படிக்கிறவர்கள் தவறுவது வீடியோ பார்க்காததால் அல்ல, எழுதாததால். அரை மணி நேரம் வீடியோ பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வுக்கூடத்தில் மூன்று மணி நேரம் பேனா பிடிக்க வேண்டும். ஆகவே ஒரு பாடத்தைப் பார்த்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் எழுதுவதற்கு ஒதுக்குங்கள். கேள்விக்குப் பதில் எழுத எளிய முறை ஒன்று: கருத்து என்ன என்று இரண்டு வரி, அதைச் சொன்னவர் யார், நம் நாட்டிலிருந்து ஓர் உதாரணம், அந்தக் கருத்தின் குறை ஒன்று. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் பெட்டிக்குள் போட்டிருக்கும் ‘செயல்பாடு’களைத் தாண்டிப் போகாதீர்கள், சுவையான பகுதி அதுதான். பழைய கேள்வித்தாள்கள் என்.ஐ.ஓ.எஸ். தளத்திலேயே கிடைக்கும். புத்தகங்களில் சில அத்தியாயங்களை அண்மை வருடங்களில் நீக்கியிருக்கிறார்கள். அண்ணன் படித்த பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போகாமல், நடப்புப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நீக்கிய அத்தியாயங்களிலும் விஷயம் இருக்கிறது.

‘இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?’ என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. பன்னிரண்டாவதில் படித்த சமூகவியலுக்காக மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள். இது அடுத்த படிக்குக் கதவு. பி.ஏ. சமூகவியல், சமூகப் பணி, சட்டம், இதழியல், ஆசிரியர் பயிற்சி எல்லாவற்றுக்கும் உதவும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வில் சமூகவியல் ஒரு பாடம். குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். தேவனாரில் உள்ள நிறுவனத்தில் முதுகலை சேர வேண்டுமானால் அதற்கு முன் ஒரு பட்டம் வேண்டும். மான்குர்த், கோவண்டியில் தொண்டு நிறுவனங்கள் பல வேலை செய்கின்றன. களப்பணிக்கு அவர்களுக்கு ஆள் தேவைப்படும்போது, இந்தச் சந்துகளைத் தெரிந்து, மராத்தி, இந்தி, தமிழ் பேசி, ஒரு கேள்வித்தாளையும் சரியாக நிரப்பத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு உண்டு.

அப்பா மட்டுமல்ல, ‘படித்து என்ன ஆகும்?’ என்று பையன்களும் கேட்பார்கள். இங்கிலாந்தில் பால் வில்லிஸ் என்பவர் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் சிலரைப் பள்ளியிலும் பிறகு வேலையிலும் பின்தொடர்ந்து கவனித்து 1977இல் ஒரு நூல் எழுதினார். பள்ளியை மதிக்காமல் கேலி செய்து திரிவதைத் தங்கள் வீரம் என்று நினைத்த அந்தப் பையன்கள், அதன் மூலமாகவே அப்பாக்கள் பார்த்த அதே கூலி வேலைக்குத் தாங்களாகவே போய்ச் சேர்ந்ததைக் காட்டினார். பத்தாவதோடு படிப்பை விட்ட நம் பையன்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். கோபப்படுவார்கள், பிறகு யோசிப்பார்கள்.

கடைசியாக, பணம். மின்கம்பத்திலும் ஆட்டோவின் முதுகிலும் ‘டைரக்ட் பன்னிரண்டாவது’, ‘ஒரே வருடத்தில் எச்.எஸ்.சி.’, ‘பாஸ் உத்தரவாதம்’ என்று ஒட்டியிருப்பார்கள். என்.ஐ.ஓ.எஸ். விதிப்படி பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையே இரண்டு வருடம் இருக்க வேண்டும். அதைக் குறைக்க எந்த முகவராலும் முடியாது. பெயரில் ‘போர்டு’, ‘கவுன்சில்’ என்று வைத்துக்கொண்டு, அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். வாரியத்தின் பெயரில் சந்தேகம் இருந்தால், சேர விரும்பும் கல்லூரியிலேயே போய், இந்த வாரியச் சான்றிதழை ஏற்பீர்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். என்.ஐ.ஓ.எஸ். பதிவை நீங்களே செய்யலாம். பத்தாவது மதிப்பெண் பட்டியல், ஆதார், புகைப்படம், கையெழுத்து ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். சைபர் கடைக்காரருடையதைக் கொடுத்தால் தேர்வுத் தேதியும் ஒப்படைப்புத் தேதியும் அவருக்குத்தான் போய்ச் சேரும். கட்டணத்தை இணையதளத்திலேயே கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாடப் பட்டியலில் 331 என்ற எண்ணைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.